செட்டிநாட்டு வீட்டில் கைபேசி டேட்டாவைப் பகிர்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடிக்கு அருகே ஒரு சிற்றூரில், ஐயா காலத்து வீட்டில் உட்கார்ந்து, சென்னையில் உள்ள ஒரு நிறுவனத்துக்குக் கணக்கு வேலை செய்கிறேன். எங்கள் தெருவுக்குக் கம்பிவழி இணையம் இன்னும் வரவில்லை. கைபேசியின் டேட்டாவை மடிக்கணினிக்குப் பகிர்ந்துதான் அன்றாட வேலை நடக்கிறது. கல்யாணம், சாந்தி (அறுபது, எண்பது வயது விழா), படைப்பு (முன்னோருக்குப் படைக்கும் நாள்) என்று உறவினர்கள் ஊருக்கு வரும்போதெல்லாம் இதைப் பற்றியே கேட்கிறார்கள். பந்தியில் நின்றுகொண்டு அரைகுறையாகச் சொல்லி அனுப்பியவர்கள் பிறகு தொலைபேசியில் அழைத்து மறுபடியும் கேட்கிறார்கள். அவர்கள் எல்லோருக்குமாக இங்கே நிதானமாக எழுதுகிறேன்.

ஹாட்ஸ்பாட் போட்டால் உண்மையில் என்ன நடக்கிறது?

உங்கள் கைபேசி ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஒரு பக்கம் ஊருக்கு வெளியே நிற்கும் கோபுரத்தோடு பேசி இணையத்தை வாங்குகிறது. மறுபக்கம் ஒரு சிறிய வைஃபை நிலையமாக மாறி, வாங்கியதை அருகிலுள்ள கணினிக்கோ டிவிக்கோ கொடுக்கிறது. கோபுரத்திலிருந்து கைபேசி வரை ஒரு பாதை, கைபேசியிலிருந்து கணினி வரை இன்னொரு பாதை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டால், கீழே வரும் கேள்விகளில் பாதிக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம். ‘நெட் வரவில்லை’ என்று சொல்லும்போது எந்தப் பாதையில் வரவில்லை என்று யாரும் பார்ப்பதில்லை. அதைப் பார்க்காமல் சிம்மை மாற்றுவதும் புதுக் கைபேசி வாங்குவதும் வீண்செலவு.

எங்கே போய் இயக்குவது?

ஆண்ட்ராய்டு கைபேசியில் அமைப்புகளுக்குள் நெட்வொர்க், இணைப்புகள் என்பது போன்ற ஒரு பகுதி இருக்கும். அதற்குள் ஹாட்ஸ்பாட், டெதரிங் என்ற தலைப்பு வரும். பெயரையும் கடவுச்சொல்லையும் அங்கேயே மாற்றலாம். ஐபோனில் அமைப்புகளுக்குள் ‘பர்சனல் ஹாட்ஸ்பாட்’ என்று தனியாகவே இருக்கும். மற்றவர்களைச் சேர அனுமதிக்கும் பொத்தானை இயக்கிய பிறகு, முதல் சாதனம் சேரும் வரை அந்தத் திரையிலேயே இருங்கள். திரையை மூடிவிட்டால் சில நேரம் மற்றவர்களின் பட்டியலில் உங்கள் கைபேசியின் பெயர் தெரியாது. ‘தம்பி, பெயரே வரவில்லை’ என்று அழைப்பவர்களில் பலருக்கு இதுதான் காரணம்.

யாரும் சேராமல் சிறிது நேரம் கழிந்தால் ஹாட்ஸ்பாட் தானாக அணைந்துவிடுவதும் இயல்பு. மின்கலத்தைக் காப்பதற்கான ஏற்பாடு அது. ஆண்ட்ராய்டில் வேண்டாமென்றால் நிறுத்திவைக்கலாம்.

கைபேசியில் நன்றாக வருகிறது. அறைக்குள் மடிக்கணினியில் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஏன்?

நம் ஊருக்கே உரிய கேள்வி இது. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நம் வீடுகள் ஒரு தெருவில் முகப்பும் மறு தெருவில் பின்வாசலுமாக நீளவாக்கில் ஓடுகின்றன. முகப்பு, வளவு (நடுமுற்றம்), இரண்டாங்கட்டு, சமையற்கட்டு என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டுகள். வளவைச் சுற்றிப் புள்ளிக்கு, அதாவது மணமான ஒவ்வொரு மகனின் குடும்பத்துக்கும், ஒன்றாக அறைகள். அந்த அறைகள் நகையும் சீர்ப் பாத்திரமும் வைப்பதற்காகக் கட்டியவை. எங்கள் வீட்டு அறைச்சுவர் ஒன்றரை அடிக்குக் குறையாது. சன்னல் சிறியது, சில அறைகளுக்குச் சன்னலே கிடையாது. அலமாரி நிறையப் பித்தளையும் வெண்கலமும் எவர்சில்வரும். கைபேசியோடு அதற்குள் போய்க் கதவைச் சாத்தினால், கோபுரத்திலிருந்து வரும் அலை அத்தனை செங்கலையும் தாண்டி வந்தாக வேண்டும். முகப்பில் கைபேசியை வைத்துவிட்டு நீங்கள் மட்டும் அறைக்குள் போனால், இரண்டாவது பாதையில் அதே செங்கல் குறுக்கே நிற்கும்.

முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்த்துப் பூசிய சுவர்தான் சிக்னலை விடுவதில்லை என்று பலர் உறுதியாகச் சொல்கிறார்கள். அப்படியில்லை. அந்தப் பூச்சு மெல்லியது. சுவரின் கனம்தான் தடை. ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவரில் ஈரம் ஊறும்போது தடை இன்னும் கூடும், ஏனென்றால் நீர் ரேடியோ அலையை உறிஞ்சும். உலோகம் அலையை உறிஞ்சாமல் திருப்பி அடிக்கும். பித்தளைப் பாத்திர அடுக்கும் பெரிய பெல்ஜியம் கண்ணாடியின் பின்பூச்சும் செய்வது அதைத்தான். கண்ணாடிக்கு நேர் பின்னால் கைபேசியை வைக்காதீர்கள். பர்மாத் தேக்குத் தூணையும் கதவையும் பழிக்க வேண்டியதில்லை. காய்ந்த மரம் செங்கல் சுவர் அளவுக்குத் தடுப்பதில்லை.

இத்தனைக்கும் நடுவே இந்த வீட்டைக் கட்டியவர்கள் நமக்கு ஒரு பெரிய உதவி செய்திருக்கிறார்கள். வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் மழைநீருக்கும் என்று வானம் பார்த்த வளவை விட்டார்கள். ரேடியோ அலையும் அந்த வழியாகவே இறங்கி வருகிறது. வளவின் தாழ்வாரத்தில் நின்று ஒருமுறையும் அறைக்குள் நின்று ஒருமுறையும் சிக்னலைப் பாருங்கள், வேறுபாடு உடனே தெரியும். குரங்குக்கும் திருட்டுக்கும் பயந்து வளவுக்கு மேலே நெருக்கமான இரும்பு வலை போட்ட வீடுகளில் மட்டும் இந்த நன்மை ஓரளவு குறையும்.

அப்படியானால் கைபேசியை எங்கே வைப்பது?

முதலில் இருக்கும் நிலையை அளந்து பாருங்கள். திரையின் ஓரத்தில் தெரியும் கோடுகளை நம்ப வேண்டாம். பல ஆண்ட்ராய்டு கைபேசிகளில் ‘கைபேசியைப் பற்றி’ என்ற பகுதிக்குள் சிம் நிலை என்று ஒன்று இருக்கும். அங்கே சிக்னல் வலிமை மைனஸ் எண்ணாகத் தெரியும். மைனஸ் 85 என்றால் நல்லது. மைனஸ் 110க்குக் கீழே போனால் தடுமாற்றம்தான். பத்து எண் குறைந்தால் வலிமை பத்தில் ஒரு பங்காகிறது என்று பொருள். ஆகவே மைனஸ் 85க்கும் மைனஸ் 105க்கும் இடையே நூறு மடங்கு வேறுபாடு இருக்கிறது. கைபேசியை எடுத்துக்கொண்டு முகப்புத் திண்ணை, வளவின் நான்கு மூலைகள், மாடிச் சன்னல் என்று நடந்து, ஒவ்வோர் இடத்திலும் அரை நிமிடம் நின்று எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒருமுறை செய்தால் போதும். அந்த வீட்டுக்கு அது பல ஆண்டுகளுக்குப் பயன்படும்.

பிறகு வேகச் சோதனையை மூன்று முறை செய்யுங்கள். முதலில் கைபேசியிலேயே. அடுத்து, கைபேசியின் பக்கத்தில் மடிக்கணினியை வைத்து. கடைசியாக, மடிக்கணினியை நீங்கள் வேலை செய்யும் அறைக்குக் கொண்டுபோய். முதல் சோதனையிலேயே வேகம் இல்லையென்றால் கோபுரத்துப் பாதையில் கோளாறு, கைபேசியின் இடத்தை மாற்ற வேண்டும். முதல் இரண்டிலும் நன்றாக வந்து மூன்றாவதில் விழுந்தால் சுவர்தான் காரணம், நீங்கள் இடம் மாற வேண்டும். பக்கத்திலேயே வைத்தும் கணினியில் மட்டும் மந்தமாக இருந்தால், அது பின்னணியில் எதையோ இறக்கிக்கொண்டிருக்கலாம்.

எங்கள் வீட்டில் மேற்குத் தாழ்வாரத்துப் பட்டாலைதான் சிறந்த இடமாக அமைந்தது. கைபேசி அங்கே மாடக்குழியில் இருக்கும். நான் எதிரே கதவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்காருவேன். அறைக்குள் மேசை போட்டு வேலை செய்ய வேண்டும் என்ற ஆசையை விட்டுவிட்டேன். அன்றிலிருந்து கூட்டத்தின் நடுவே இணைப்பு அறுவது நின்றது.

2.4, 5 என்று இரண்டு அலைவரிசை கேட்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பது?

சுவர் குறுக்கே இருந்தால் 2.4 கிகாஹெர்ட்ஸ். ஒரே இடத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் 5 கிகாஹெர்ட்ஸ். 5 வேகமானது, ஆனால் கனமான சுவரைத் தாண்டுவதில் பலவீனமானது. பழைய மடிக்கணினிகளும் விலை குறைந்த டிவிகளும் 5 கிகாஹெர்ட்ஸில் ஒளிபரப்பாகும் பெயரைப் பார்க்கவே மாட்டா. ஐபோன் 12இலும் அதற்குப் பிந்தைய மாதிரிகளிலும் ஹாட்ஸ்பாட் திரையிலேயே ‘பொருந்துதிறனை அதிகப்படுத்து’ என்ற பொருளில் ஒரு பொத்தான் உண்டு. அதை இயக்கினால் 2.4க்கு மாறிவிடும். நம் வீடுகளில் அதை இயக்கியே வைத்திருப்பது நல்லது.

5ஜி வந்துவிட்டதே, இன்னுமா இந்தக் கவலை?

இந்தியாவில் 5ஜி சேவை 2022 அக்டோபர் 1 அன்று தொடங்கியது. திண்ணையில் உட்கார்ந்தால் அதன் வேகத்தைப் பார்த்து மகிழலாம். ஆனால் 5ஜி பெரும்பாலும் வரும் 3,300 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை, 4ஜி வரும் 850, 900, 1,800 போன்ற அலைவரிசைகளைவிடச் சுவரில் அதிகம் இழக்கும். உள்கட்டுகளில் கைபேசி 5ஜியைப் பிடிப்பதும் விடுவதுமாகத் தத்தளிக்கும். ஒவ்வொரு தாவலிலும் உங்கள் காணொளிக் கூட்டம் உறையும். அப்படி இருந்தால் விருப்ப நெட்வொர்க் என்ற இடத்தில் 4ஜிக்கு மாற்றி வையுங்கள். ஒரு எச்சரிக்கை: 5ஜிக்கு மட்டும் வரம்பில்லாத டேட்டா தரும் திட்டமாக இருந்தால், 4ஜிக்கு வந்த நொடியிலிருந்து அன்றாட அளவு கரையத் தொடங்கும்.

கேபிள் போட்டுப் பகிர முடியுமா?

முடியும். ஒரே ஒரு கணினிக்குத்தான் என்றால் அதுவே எல்லாவற்றிலும் சிறந்த வழி என்பது என் உறுதியான கருத்து. கைபேசியைக் கணினியோடு யூஎஸ்பி கேபிளால் இணைத்து, ஹாட்ஸ்பாட் பகுதியிலேயே இருக்கும் யூஎஸ்பி டெதரிங்கை இயக்கினால் போதும். வைஃபை பாதையே இல்லாமல் போகிறது, கடவுச்சொல் தேவையில்லை, கைபேசிக்குக் கணினியிலிருந்து மின்சாரமும் ஏறுகிறது. விண்டோஸ் கணினியில் ஐபோனை இணைத்தால் ஆப்பிளின் மென்பொருள் ஒன்றை முதலில் நிறுவ வேண்டியிருக்கும். கேபிள் டேட்டா செல்லும் கேபிளாக இருக்க வேண்டும். மின்சாரம் மட்டும் ஏற்றும் மலிவுக் கேபிளைப் போட்டுவிட்டு அரைநாள் தவித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

புளூடூத் வழியாகவும் பகிரலாம். மின்கலம் குறைவாகச் செலவாகும், வேகமும் மிகக் குறைவு. மின்னஞ்சல் பார்க்கப் போதும், படம் பார்க்கப் போதாது.

ஒரு நாளைக்கு 1.5 ஜிபி கிடைக்கிறது. ஹாட்ஸ்பாட்டில் எத்தனை நேரம் வரும்?

எளிய கணக்கு ஒன்று இருக்கிறது, மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 1 எம்பிபிஎஸ் (நொடிக்கு ஒரு மெகாபிட்) வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் 450 எம்பி செலவாகும். காணொளிக் கூட்டம் ஏறக்குறைய அந்த அளவில் ஓடினால் 1.5 ஜிபி மூன்றேகால் மணி நேரத்துக்கு வரும். கேமராவை அணைத்துக் குரல் மட்டும் என்றால் நாள் முழுவதும் பேசலாம். உயர்தரத்தில் படம் பார்த்தால் ஒரு மணிக்கு 3 ஜிபி வரை போகும், அதாவது அரை மணியில் அன்றைய பங்கு தீர்ந்துவிடும்.

தீர்ந்த பிறகு பல திட்டங்களில் வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கும். அந்த வேகத்தில் ஒரு எம்பி அளவுள்ள ஒரு புகைப்படம் வர இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். நள்ளிரவு 12 மணிக்கு மறுநாள் கணக்கு தொடங்கும். வேலைக்காகப் பகிர்பவர்கள் அன்றாட வரம்புள்ள திட்டத்தைவிட, மாதத்துக்கு மொத்தமாக டேட்டா தரும் திட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். திங்கட்கிழமை மிச்சமானது செவ்வாய்க்கிழமைக்கு உதவும்.

‘வரம்பில்லாதது’ என்று போட்டிருந்தாலும் நிபந்தனைகளைப் படித்துவிடுங்கள். நியாயப் பயன்பாட்டு வரம்பு என்று சிறிய எழுத்தில் ஒரு வரி இருக்கும்.

ஒன்றுமே செய்யவில்லை, காலை ஒன்பது மணிக்குள் டேட்டா முழுவதும் போய்விட்டது. யார் தின்றது?

மடிக்கணினி. அதற்கு வைஃபை என்றால் எல்லாமே வீட்டு இணையம்தான். காசு கொடுத்து வாங்கிய கைபேசி டேட்டா என்று அதற்குத் தெரியாது. இயங்குதளப் புதுப்பிப்பு, புகைப்படக் காப்பு, மேகச் சேமிப்பு எல்லாவற்றையும் தாராளமாக ஓடவிடும். மாதக் கடைசிக் கணக்கு முடிக்கும் நாளில் எனக்கே இது நடந்தது. பகல் முழுவதும் 64 கேபிபிஎஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன், அனுப்ப வேண்டிய அறிக்கை மறுநாள்தான் போனது.

விண்டோஸில் அந்த வைஃபை பெயரின் பண்புகளுக்குள் போய் ‘அளவிடப்படும் இணைப்பு’ என்ற பொருளுள்ள பொத்தானை இயக்குங்கள். பெரிய புதுப்பிப்புகள் நின்றுவிடும். ஐபோனிலும் மேக்கிலும் ‘குறைந்த டேட்டா முறை’ உண்டு. உங்கள் ஹாட்ஸ்பாட்டில் சேரும் இன்னொரு ஆண்ட்ராய்டு கைபேசியிலும் அந்த வைஃபையை அளவிடப்படுவதாகக் குறிக்கலாம். விருந்தாளி தன் கைபேசியை உங்களோடு இணைத்த மறுகணம், அவர் கல்யாணத்தில் எடுத்த நானூறு படங்களும் உங்கள் கணக்கில் மேலே ஏறத் தொடங்கும். கடவுச்சொல் கொடுக்கும்போதே படக்காப்பை நிறுத்தச் சொல்லிவிடுங்கள். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

யாராவது அழைத்தால் இணைப்பு அறுந்துவிடுகிறதே?

4ஜி வழியாகவே குரல் போகும் வசதி (VoLTE) இயங்கிக்கொண்டிருந்தால் பேசும்போதும் டேட்டா ஓடும். அது அணைந்திருந்தால் அழைப்பு வந்ததும் கைபேசி பழைய நெட்வொர்க்குக்கு இறங்கும், டேட்டா நின்றுவிடும். சிம் அமைப்பில் அதை இயக்குங்கள்.

இரண்டு சிம் வைத்திருப்பவர்களுக்கு வேறொரு சிக்கல். டேட்டா ஒரு சிம்மில் ஓடும்போது மற்ற சிம்மில் அழைப்பு வந்து நீங்கள் பேசினால், பல கைபேசிகளில் டேட்டா நின்றுபோகும். நம் பகுதியில் உள்ளூருக்கு ஒரு சிம், சென்னை எண் ஒன்று என்று இரண்டு வைத்திருப்பவர்களே அதிகம். முக்கியமான கூட்டம் நடக்கும் நேரத்தில் இரண்டாவது சிம்மை அணைத்துவையுங்கள். ஆத்தா மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவதாக இருந்தாலும் டேட்டா ஓடும் எண்ணுக்கே கூப்பிடச் சொல்லுங்கள்.

கைபேசி கொதிக்கிறது. கெட்டுப்போகுமா?

கோபுரத்தோடும் கணினியோடும் ஒரே நேரத்தில் பேசும் கைபேசி சூடாவது இயற்கை. சிக்னல் பலவீனமான இடத்தில் கோபுரத்தை எட்டுவதற்காக அது அதிகச் சக்தியைச் செலவழிக்கும், சூடு இன்னும் கூடும். மேலே சொன்ன நல்ல இடத்தைக் கண்டுபிடிப்பது மின்கலத்துக்கும் நல்லது. ஐபோனை 35 டிகிரி வரையுள்ள சூழலில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். நம் சித்திரை வெயில் அதைச் சாதாரணமாகத் தாண்டும். அளவுக்கு மீறிச் சூடானால் கைபேசி தானாகவே ரேடியோவின் சக்தியைக் குறைத்துக்கொள்ளும். வேகம் விழுவதற்கு அதுவும் ஒரு காரணம். வளவின் ஓரத்தில் வைக்கச் சொன்னேன் என்று வெயில் விழும் இடத்தில் வைத்துவிடாதீர்கள். வெயில் நகர்ந்து வரும். நிழல் நிலைக்கும் பக்கம் பார்த்து, உறையைக் கழற்றி, ஆத்தங்குடிக் கல் பதித்த குளிர்ந்த தரையில் வைத்தால் சூடு நன்றாகவே அடங்குகிறது. ஈரத் துணி, பனிக்கட்டி எதுவும் வேண்டாம்.

சாந்திக்கு வர முடியாத மலேசியா உறவினர்களுக்கு நேரலை காட்ட வேண்டும். ஹாட்ஸ்பாட் தாங்குமா?

தாங்கும், ஆனால் முன்கூட்டியே ஏற்பாடு செய்தால்தான். நேரலைக்கு வேண்டியது இறக்கும் வேகமில்லை, ஏற்றும் வேகம். வேகச் சோதனையில் இரண்டாவதாக வரும் எண்ணைப் பாருங்கள். நல்ல தெளிவுக்கு 3 எம்பிபிஎஸ்ஸாவது இடைவிடாமல் ஏற வேண்டும், சோதனையில் அதற்கு இரு மடங்கு காட்டினால் நம்பி இறங்கலாம். மணிக்கு ஏறக்குறைய 1,350 எம்பி செலவாகும். மூன்று மணி நேர விழாவுக்கு 4 ஜிபிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பெரியப்பச்சியின் சாந்தியில் முதல் நாள் மாலை ஆளில்லாத வளவில் சோதித்துப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினோம். மறுநாள் காலை வீடு நிறைய முந்நூறு பேர். எல்லோர் கையிலும் கைபேசி, எல்லோரும் அதே கோபுரத்தில். கலசநீர் ஊற்றும் நேரத்தில் கோலாலம்பூரில் இருந்தவர்களுக்குப் படம் உறைந்துவிட்டது. அந்தக் குறையை அயித்தை இன்றும் நினைத்து வருந்துகிறார். அதற்குப் பிறகு நாங்கள் கடைப்பிடிப்பது இது: நேரலைக்கென்று ஒரு கைபேசி, அதில் வேறு எவரும் சேரக் கூடாது. அந்தக் கைபேசியில் ஊரில் அதிகம் பேர் வைத்திராத நிறுவனத்தின் சிம். இடம் மாடியில், கூட்டத்துக்கு மேலே. படம் எடுக்கும் சாதனம் வளவில் இருக்க, இரண்டுக்கும் நடுவே சுவர் இல்லாமல் மேல்தளத்துச் சன்னல் வழியாக இணைப்பு. ஒரு பவர் பேங்க். அப்படியும் மனம் கேட்காவிட்டால் முழுமையாகப் பதிவு செய்து மாலையில் அனுப்புங்கள்.

நாட்டரசன்கோட்டைச் செவ்வாய்ப் பொங்கலிலும், தைப்பூசத்துக்குக் குன்றக்குடியில் காவடிகள் கூடும் நாளிலும் இதே நெரிசல்தான். அங்கெல்லாம் ஹாட்ஸ்பாட்டை நம்பி எதையும் திட்டமிட வேண்டாம். செய்தி அனுப்பினால் போய்ச் சேரும். அது போதும்.

சிங்கப்பூர் சிம்மோடு வந்திருக்கிறேன். அதிலேயே ஹாட்ஸ்பாட் போடலாமா?

போடலாம், ஆனால் அது வெளிநாட்டு ரோமிங் டேட்டா. உங்கள் திட்டத்தில் இந்தியாவுக்கு எவ்வளவு சேர்த்திருக்கிறார்கள் என்று தெரியாமல் இயக்கவே கூடாது. குழந்தைகளின் இரண்டு டேப்லெட்டும் அதில் சேர்ந்தால் ரசீது வரும்போது மனம் நோகும். விமானம் இறங்கியதும் ரோமிங் டேட்டாவை அணையுங்கள். கடவுச்சீட்டும் விசாவும் காட்டி இங்கே ஒரு முன்கட்டணச் சிம் வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது இங்கிருக்கும் பங்காளி ஒருவரின் ஹாட்ஸ்பாட்டில் சேர்ந்துகொண்டு அவருக்கு ரீசார்ஜ் செய்துவிடுங்கள். பெரும்பாலான வீடுகளில் நடப்பது இரண்டாவதுதான்.

வீட்டைப் பார்க்க வரும் சுற்றுலாப் பயணிகள் வைஃபை கேட்கிறார்கள். என் ஹாட்ஸ்பாட்டைக் கொடுக்கலாமா?

கானாடுகாத்தான் பக்கமிருந்து இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. தண்ணீர் கேட்டால் கொடுக்கும் ஊர், மறுப்பதற்கு மனம் வராது. ஆனாலும் முன்பின் தெரியாதவர்களுக்குக் கொடுக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். உங்கள் சிம் உங்கள் அடையாளச் சான்றில் பதிவானது. அதன் வழியாக யாராவது மோசடி செய்தாலோ மிரட்டல் செய்தி அனுப்பினாலோ விசாரணை முதலில் உங்கள் வாசலுக்கு வரும். தங்கும் விருந்தினருக்குக் கட்டாயம் கொடுக்க வேண்டிய தொழில் என்றால், அதற்கென்று தனி இணைப்பு எடுத்து, தங்குவோர் பதிவேட்டை ஒழுங்காக வைத்திருங்கள்.

வேண்டியவர்களுக்குக் கொடுக்கும்போதும் கடவுச்சொல்லைச் சத்தமாகச் சொல்ல வேண்டியதில்லை. பல ஆண்ட்ராய்டு கைபேசிகளில் ஹாட்ஸ்பாட் பக்கத்தில் க்யூஆர் கோடு வரும், கேமராவைக் காட்டினால் சேர்ந்துவிடலாம். கடவுச்சொல் எட்டு எழுத்துக்குக் குறையக் கூடாது. வீட்டின் பெயரையும் கைபேசி எண்ணையும் வைக்க வேண்டாம். விழா முடிந்து எல்லோரும் கிளம்பியதும் மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த விழாவில் வாசலில் கார் வந்து நின்றதுமே பதினைந்து கைபேசிகள் தானாக ஒட்டிக்கொள்ளும். ஆண்ட்ராய்டு கைபேசிகள் பலவற்றில் யார் யார் சேர்ந்திருக்கிறார்கள் என்பதை அதே பக்கத்தில் பார்க்கலாம். எத்தனை பேர் சேரலாம் என்று வரம்பும் வைக்கலாம்.

நம்பிக் கொடுத்த பிறகு மோசடி எதிலாவது சிக்கியதாகத் தெரிந்தால் தாமதிக்காமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

டிவிக்குக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். படத்தின் தரத்தைக் கையால் 480க்கு இறக்கிவிட்டு, பார்த்து முடிந்ததும் டிவியின் வைஃபையைத் துண்டியுங்கள். பெரிய திரை தானாகவே உயர்தரத்தைத் தேர்ந்தெடுக்கும்.

மின்சாரம் போனால்?

ஹாட்ஸ்பாட்டின் அருமை அப்போதுதான் தெரியும். கம்பிவழி இணையத்தின் பெட்டி அணைந்துபோகும். கோபுரங்களுக்கு மின்கலமும் பல இடங்களில் ஜெனரேட்டரும் இருப்பதால் கைபேசி டேட்டா பெரும்பாலும் தொடரும். வீட்டில் வேறு இணைய இணைப்பு வைத்திருப்பவர்களும் ஹாட்ஸ்பாட்டை ஒருமுறை அமைத்துப் பழகி வைத்திருப்பது இதற்காகவே.

தினமும் வேலைக்குப் பயன்படுத்துகிறேன். கைபேசியையே நம்பியிருக்கலாமா, சிம் போடும் ரவுட்டர் வாங்கலாமா?

நாளுக்கு இரண்டு மணி நேரம் என்றால் கைபேசி போதும். முழு நாள் வேலை என்றால் கைபேசியை வதைக்காதீர்கள், அதன் மின்கலம் விரைவிலேயே தளர்ந்துவிடும். முதலில் மேசை இழுப்பறைக்குள் தூங்கும் பழைய கைபேசியை எடுங்கள். திரை உடைந்திருந்தாலும் பரவாயில்லை. அதில் ஒரு சிம் போட்டு, வீட்டில் கண்டுபிடித்த நல்ல இடத்தில் வைத்து ஹாட்ஸ்பாட்டாகவே நிரந்தரமாக்குங்கள். உங்கள் கைபேசியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாலும் வீட்டில் இருப்பவர்களுக்கு இணைப்பு அறாது. ஆனால் பழைய மின்கலம் உப்பியிருந்தால் தொடவே வேண்டாம்.

அதுவும் போதவில்லை என்றால் சிம் போடும் ரவுட்டர் வாங்குங்கள். வெளி ஆன்டெனா பொருத்தும் துளை உள்ளதாகப் பாருங்கள். ஆன்டெனாவை மொட்டைமாடியில் வைத்துக் கேபிளை வளவு வழியாக இறக்கலாம். அதற்காகச் சுவரில் துளை போடாதீர்கள். அந்தப் பழைய சுண்ணாம்புப் பூச்சில் ஒரு விரிசல் விட்டால் அதே பதத்தில் பூசித் தரும் கொத்தனாரைத் தேடி அலைய வேண்டும்.

ஊரில் ஆயா தனியாக இருக்கிறார். அவருக்கு இதெல்லாம் புரியாது. பேரப்பிள்ளைகளோடு முகம் பார்த்துப் பேசினால் போதும். என்ன செய்யலாம்?

பழைய கைபேசியில் ஹாட்ஸ்பாட்டை எப்போதும் இயங்குமாறு வைத்து, தானாக அணையும் ஏற்பாட்டை நிறுத்தி, மின்னிணைப்பில் விடுங்கள். ஆயாவின் கையில் ஒரு டேப்லெட்டைக் கொடுத்து, அந்தப் பெயரில் தானாகச் சேரும்படி அமையுங்கள். பெரிய எழுத்து, முழு ஒலி, முகப்புத் திரையில் பேரப்பிள்ளைகளின் படம், தொட்டால் அழைப்பு போகும்படி. வேறு எதையும் அதில் வைக்காதீர்கள். அவர் வழக்கமாக உட்காரும் இடத்தில் இணைப்பு நன்றாக வருகிறதா என்று நீங்கள் ஊரில் இருக்கும் நாளிலேயே அங்கே உட்கார்ந்து பாருங்கள். ஆயா நகர வேண்டாம், கைபேசியை நகர்த்துங்கள். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. இங்கே விளக்கேற்றும் ஆறரை மணிக்கு அங்கே ஒன்பது. பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள். ஐந்து மணிக்கு அழைக்கச் சொல்லுங்கள்.